வீட்டுப் பவளத் தொட்டியின் வழக்கமான பராமரிப்புக்கு எவ்வளவு நேரம் தேவை? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு வாரத்தில் மொத்தம் எவ்வளவு நேரம் ஒதுக்க வேண்டும்?

சுமார் 300 லிட்டர் கொள்ளளவு கொண்ட, மென்பவளங்களும் கல்பவளங்களும் கலந்து வளரும், ஓராண்டைக் கடந்து நிலைபெற்றுவிட்ட ஒரு தொட்டியை எடுத்துக்கொண்டால், வாரத்துக்கு இரண்டரை மணி முதல் நான்கு மணி நேரம் வரை ஆகும் என்று கணக்கிடலாம். நாள்தோறும் பத்து முதல் பதினைந்து நிமிடங்கள், வாரத்தில் ஒரு நாள் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம், மாதத்தில் ஒருமுறை கூடுதலாக ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரம் என்று அது பிரிந்து நிற்கும். காளான் பவளங்களும் தோல் பவளங்களும் மட்டுமே உள்ள தொட்டிக்கு இதில் பாதி போதும். அக்ரோபோரா போன்ற சிறு பாலிப் (பவளக் கூட்டத்தின் ஒவ்வோர் உயிரியும் பாலிப் எனப்படும்) கல்பவளங்கள் நிறைந்த தொட்டிக்கு மேல் எல்லையையும் தாண்டும்.

மொத்த நேரத்தைவிட அது எப்படிப் பிரிக்கப்படுகிறது என்பதே முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. வாரத்துக்கு மூன்று மணி நேரம் தொடர்ந்து கொடுக்கக்கூடியவரின் தொட்டி செழிக்கும். அதே பன்னிரண்டு மணி நேரத்தை மாதக் கடைசியில் ஒரே நாளில் கொடுப்பவரின் தொட்டி செழிப்பதில்லை. பவளங்கள் குறைபாட்டைக்கூட ஓரளவு தாங்கிக்கொள்கின்றன, திடீர் மாற்றத்தைத்தான் அவற்றால் தாங்க முடிவதில்லை.

நாள்தோறும் என்ன செய்ய வேண்டும்?

பெரும்பாலும் பார்க்க வேண்டும். வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கிறதா, எல்லா பம்புகளும் ஓடுகின்றனவா, ஸ்கிம்மரின் (நுரையால் கழிவைப் பிரித்தெடுக்கும் கருவி) நுரை வழக்கமான உயரத்தில் நிற்கிறதா, சம்பில் (தொட்டிக்குக் கீழே கருவிகளை வைக்கும் துணைத் தொட்டி) நீர்மட்டம் சரியாக உள்ளதா என்பவற்றை ஒரு பார்வையிலேயே அறியலாம். மீன்களுக்கு உணவிடும்போது எல்லா மீன்களும் வெளியே வருகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பது நல்லது. பாறை இடுக்கில் இறந்து கிடக்கும் மீனைக் கண்டுபிடிக்க இதைவிட எளிய வழி இல்லை. பவளங்களில், நேற்று விரிந்திருந்த பாலிப்புகள் இன்று சுருங்கியிருந்தால் அதற்கு ஒரு காரணம் உண்டு. ஒரே ஒரு பவளம் சுருங்கியிருந்தால் அண்டைப் பவளத்தின் கொட்டும் இழைகளையோ, தொந்தரவு செய்யும் மீனையோ தேடுங்கள். எல்லாமே சுருங்கியிருந்தால் நீரைச் சோதியுங்கள்.

கண்ணாடியில் படரும் மெல்லிய பாசியை இரண்டு மூன்று நாட்களுக்கு ஒருமுறை காந்தத் துடைப்பானால் எடுத்துவிட்டால் இரண்டு நிமிடங்களில் முடியும். பத்து நாட்கள் விட்டுவிட்டால் அதே வேலைக்கு அரை மணி நேரம் ஆகும், கையும் வலிக்கும். மணற்பரப்பை ஒட்டிய பகுதியில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும். காந்தத்துக்கும் கண்ணாடிக்கும் இடையில் ஒரு மணல் துகள் சிக்கினால் அழியாத கீறல் விழும். கோரலைன் பாசியின் கெட்டியான ஊதாப் புள்ளிகளைக் கண்ணாடித் தொட்டியில் பிளேடு கொண்டும், அக்ரிலிக் தொட்டியில் பிளாஸ்டிக் அட்டை கொண்டும் சுரண்ட வேண்டும்.

ஆவியாகும் நீரை ஈடுசெய்வது அவ்வளவு பெரிய வேலையா?

கையால் செய்தால், ஆம். மூடியில்லாத 300 லிட்டர் தொட்டியிலிருந்து நாளொன்றுக்கு மூன்று லிட்டர் ஆவியாவது சாதாரணம். நீர் மட்டுமே ஆவியாகிறது, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகிறது. ஆகவே, சுத்திகரித்த நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும், உப்புநீரை ஊற்றக் கூடாது. ஐந்து நாட்கள் எதுவும் ஊற்றாமல் விட்டால் 300 லிட்டர் 285 லிட்டராகி, 35 ஆக (ஒரு கிலோ கடல்நீரில் 35 கிராம் உப்பு) இருந்த உப்புத்தன்மை ஏறத்தாழ 36.8 ஆகிவிடும். அதைக் கண்டு பதறி 15 லிட்டர் நன்னீரை ஒரே மூச்சில் ஊற்றுவது இரண்டாவது அதிர்ச்சி.

தானியங்கி நீர் நிரப்பி இந்த வேலையை முழுவதுமாக ஏற்றுக்கொள்ளும். நேரத்தை மிச்சப்படுத்தும் கருவிகளில் முதலில் வாங்க வேண்டியது இதுதான் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. அதன் உணர்வியில் உப்புப் படிவதையும் நத்தை ஒட்டிக்கொள்வதையும் மாதம் ஒருமுறை கவனித்துத் துடைக்க வேண்டும். நன்னீர்க் கலனை அளவோடு வைத்துக்கொள்வதும் பாதுகாப்பு. கருவி பழுதாகி 15 லிட்டர் முழுவதும் உள்ளே போனாலும் உப்புத்தன்மை 33.3 அளவில் நின்றுவிடும், பெரும் சேதம் நேராது. நீர்க்குழாயை நேராக இணைத்துவிடும் அமைப்பில் அந்த எல்லை கிடையாது.

நீர் மாற்றத்துக்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்?

நீரை வெளியே எடுத்துப் புதுநீரை நிரப்ப இருபது முதல் முப்பது நிமிடங்கள். அதற்கான ஏற்பாடுதான் நீண்டது, ஆனால் அதில் பெரும்பகுதி காத்திருப்பு மட்டுமே. ஒரு நாளைக்கு 75 காலன் என்று குறிப்பிடப்படும் ஆர்.ஓ. கருவி மணிக்கு ஏறத்தாழ 12 லிட்டர் நீர் தரும். பத்து சதவீத நீர் மாற்றத்துக்குத் தேவையான 30 லிட்டரைச் சேகரிக்க இரண்டரை மணி நேரம் ஆகும். அதில் லிட்டருக்கு 35 முதல் 38 கிராம் வரை, அதாவது மொத்தம் ஒரு கிலோவுக்குச் சற்று மேல், உப்புக் கலவையைச் சேர்த்துச் சிறு பம்பினால் சில மணி நேரம் சுழற்றி, தொட்டியின் வெப்பநிலைக்கே சூடாக்கி, உப்புத்தன்மையைச் சரிபார்க்க வேண்டும். முதல் நாள் மாலையே தொடங்கிவிட்டால் உங்கள் கை வேலை பத்து நிமிடங்களைத் தாண்டாது. சேகரிப்புக் கலனில் ஒரு மிதவை வால்வு பொருத்திவிடுங்கள். தண்ணீரைத் திறந்துவிட்டு மறந்துபோவதும், பிறகு தரை முழுவதையும் துடைப்பதும் இந்தப் பொழுதுபோக்கில் மிக அதிகமாக வீணாகும் நேரம்.

நீரை உறிஞ்சி எடுக்கும்போதே மணலின் மேல் தங்கிய கசடையும், பாறை இடுக்குகளிலிருந்து கிளப்பிவிட்ட கசடையும் சேர்த்து எடுத்துவிட்டால் ஒரே நேரத்தில் இரண்டு வேலை முடியும். வாளி சுமப்பதைத் தவிர்த்து, நீளமான குழாயும் சிறிய பம்பும் வைத்துக்கொள்பவர்களுக்கு நேரம் பாதியாகக் குறைகிறது. பெரிய தொட்டிக்காரர்கள் பலர் இந்தப் பொழுதுபோக்கைக் கைவிடுவதற்கு வாளிகளே காரணம் என்று நினைக்கிறேன்.

வாரந்தோறும் நீரை மாற்றியே ஆக வேண்டுமா?

கட்டாயமில்லை. ஆனால் நீர் மாற்றம் எதைச் செய்யும், எதைச் செய்யாது என்று தெரிந்துகொண்டு முடிவெடுக்க வேண்டும். வாரம் பத்து சதவீதம் வீதம் நான்கு முறை மாற்றிய பிறகும் பழைய நீரில் 65.6 சதவீதம் தொட்டியிலேயே இருக்கும். எனவே நைட்ரேட் 40 மில்லிகிராமில் நிற்கும் தொட்டியை நீர் மாற்றத்தால் மட்டும் திருத்த முயல்பவர் ஓயாமல் வாளி தூக்கிக்கொண்டே இருப்பார். உணவின் அளவையும் மீன்களின் எண்ணிக்கையையும் அவர் மறுபரிசீலனை செய்வதே மேல். சிறு தனிமங்களை ஈடுசெய்வதற்கும், அளக்க முடியாத கரிமக் கழிவுகளை நீர்க்கச் செய்வதற்கும், எல்லாவற்றுக்கும் மேலாக கசடை வெளியேற்றுவதற்கும் நீர் மாற்றம் சிறந்தது. வாரம் பத்து சதவீதம் முடியாதவர்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பதினைந்து சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் பெரும்பாலான கலப்புத் தொட்டிகள் நன்றாகவே இருக்கும்.

ஒரு மாதம் தவறவிட்டவர்கள் அதை ஈடுகட்ட ஒரே நாளில் பாதித் தொட்டியை மாற்றக் கூடாது. சில உப்புக் கலவைகளில் காரத்தன்மை (நீரிலுள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) அதற்கான அலகான டி.கே.எச். கணக்கில் 11 வரை இருக்கும். தொட்டியில் அது 7.5 ஆக இருந்தால் பவளங்கள் ஒரு மணி நேரத்தில் பெரிய ஏற்றத்தைச் சந்திக்க நேரும்.

எந்தெந்தச் சோதனைகளை எத்தனை நாட்களுக்கு ஒருமுறை செய்ய வேண்டும்?

நேரம் குறைவாக இருந்தால் காரத்தன்மையைச் சோதியுங்கள். மற்றவை அனைத்தும் அதற்குப் பிறகுதான். இதற்கான காரணத்தைச் சற்று விரிவாகச் சொல்வது தகும், ஏனென்றால் இதைப் புரிந்துகொண்டவர்களுக்குச் சோதனை நேரம் பாதியாகக் குறைகிறது.

கல்பவளம் தன் எலும்புக்கூட்டைக் கால்சியம் கார்பனேட்டால் கட்டுகிறது. அதற்காக அது கால்சியத்தையும் காரத்தன்மையையும் மாறாத விகிதத்தில் எடுத்துக்கொள்கிறது. லிட்டருக்கு 20 மில்லிகிராம் கால்சியம் குறையும்போது காரத்தன்மை 2.8 டி.கே.எச். குறைகிறது. இப்போது தொட்டியில் கால்சியம் 420, காரத்தன்மை 8 என்று வைத்துக்கொள்வோம். சில நாட்கள் எதையும் சேர்க்காமல் விட்டதில் கால்சியம் 400 ஆகிறது. அது ஐந்து சதவீதத்துக்கும் குறைவான சரிவு, சோதனைத் திரவத்தின் பிழை வரம்புக்குள்ளேயே மறைந்துவிடும். அதே காலத்தில் காரத்தன்மை 5.2 ஆகியிருக்கும். இது 35 சதவீதச் சரிவு, பவளத்தின் நுனிகள் வெளிறத் தொடங்கும் நிலை. நாம் எதைப் பார்த்தால் முதலில் உண்மை தெரியும் என்பது இந்தக் கணக்கிலிருந்தே விளங்கும்.

ஆகவே கல்பவளத் தொட்டியில் காரத்தன்மையை வாரம் இரண்டு முறையாவது அளக்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் மூன்று நிமிடங்கள் போதும். காலையிலும் இரவிலும் மதிப்பு சற்று வேறுபடலாம் என்பதால் ஒரே பொழுதில் அளப்பது நல்லது. கால்சியத்தை இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், மெக்னீசியத்தை மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும். முதலாவது 400 முதல் 450 வரையிலும், இரண்டாவது 1250 முதல் 1350 வரையிலும் இருக்கலாம். காரத்தன்மைக்கு 7 முதல் 9 வரை எந்த எண்ணை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். தேர்ந்தெடுத்த எண்ணிலேயே நிலைத்திருப்பதுதான் வேலை.

நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் வாரம் ஒருமுறை அளக்கலாம். இவற்றைச் சுழியத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்ற பழைய எண்ணம் பலருக்கு இன்னும் இருக்கிறது. நைட்ரேட் 2 முதல் 15 வரையிலும் பாஸ்பேட் 0.03 முதல் 0.1 வரையிலும் இருக்கும்போது பவளங்கள் நிறத்தோடு வளர்கின்றன. இரண்டும் சுழியமாகிவிட்ட தொட்டியில் டைனோபிளாஜெல்லேட் என்னும் பழுப்பு நிற வழுவழுப்பான படலம் தலையெடுக்கக்கூடும். அதை ஒழிக்கச் செலவாகும் நேரம் ஒரு வருடச் சோதனைகளின் நேரத்தைவிடக் கூடுதலாக இருக்கும்.

அளந்த எண்களை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தனித்து நிற்கும் ஓர் எண் எதையும் சொல்லாது, வரிசையாக நிற்கும் ஆறு எண்கள் தொட்டி எந்தப் பக்கம் நகர்கிறது என்று காட்டிவிடும்.

ஸ்கிம்மரும் வடிகட்டிப் பையும் எவ்வளவு நேரம் கேட்கும்?

இரண்டும் சேர்த்து வாரத்தில் பதினைந்து நிமிடங்கள். ஸ்கிம்மரின் கழுத்துப் பகுதியில் கொழுப்புப் படலம் படிந்தால் நுரை மேலேறாது, ஆகையால் வாரம் ஒருமுறையாவது துடைக்க வேண்டும். வடிகட்டிப் பையை மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை மாற்றாவிட்டால், அதில் சிக்கிய கழிவு நீரோட்டத்திலேயே மட்கி நைட்ரேட்டாக மாறும். தவறாமல் மாற்ற முடியாது என்று தெரிந்தவர் அதை எடுத்துவிடுவதே மேல். ஏழு எட்டுப் பைகள் வைத்திருந்து ஒரே நாளில் மொத்தமாக அலசிக் காயவைப்பது நேரத்தை மிகவும் குறைக்கும். சலவைத் தூள் மட்டும் படக் கூடாது.

மாதம் ஒருமுறை, மூன்று மாதத்துக்கு ஒருமுறை செய்ய வேண்டியவை எவை?

இவைதான் எல்லோரும் மறக்கும் வேலைகள். ஆக்டிவேட்டட் கார்பனை மாதம் ஒருமுறை மாற்றலாம். கால்சியம், காரத்தன்மைக் கரைசல்களைத் தானாகச் சேர்க்கும் டோசிங் பம்புகள் குறித்த அளவைத்தான் ஊற்றுகின்றனவா என்று அளவுக் குழாயில் பிடித்துப் பார்க்க வேண்டும். உப்புத்தன்மையை அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை 35 உப்புத்தன்மை கொண்ட தரக் கரைசலால் சரிசெய்ய வேண்டும். நன்னீரில் சுழியம் காட்டுகிறது என்பதாலேயே அது 35-இலும் சரியாகக் காட்டும் என்று சொல்ல முடியாது. ஹீட்டர் சொல்லும் வெப்பநிலையை வேறொரு வெப்பமானியோடு ஒப்பிட்டுப் பாருங்கள், ஹீட்டரின் தெர்மோஸ்டாட் அணையாமல் மாட்டிக்கொள்வது தொட்டிகளை ஒரே இரவில் அழிக்கும் பழுதுகளில் ஒன்று. விளக்கின் மேல் படிந்த உப்புத் தெறிப்பைத் துடைத்தால் ஒளி திரும்பக் கிடைக்கும். ஆர்.ஓ. கருவியைப் பொறுத்தவரை, எஞ்சிய அயனிகளை நீக்கும் டி.ஐ. பிசினுக்குப் பிறகு வரும் நீரில், கரைந்த பொருட்களை அளக்கும் டி.டி.எஸ். மீட்டர் சுழியம் காட்டாதபோது பிசினையும், ஏறத்தாழ ஆறு மாதத்துக்கு ஒருமுறை முன்வடிகட்டிகளையும் மாற்ற வேண்டும்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை பம்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்ய வேண்டும். சுண்ணப்படிவும் குழாய்ப்புழுக்களும் பஞ்சுயிரிகளும் அவற்றுக்குள் மெல்ல மெல்ல வளர்கின்றன. நீரோட்டம் நாளுக்கு நாள் சிறிதளவே குறைவதால் கண்ணுக்குத் தெரிவதில்லை. பவளம் காரணமின்றி வாடுகிறது என்று கருதி உரிமையாளர் வேதியியலில் தேடிக்கொண்டிருப்பார், காரணம் பம்பில் இருக்கும். ஒரு லிட்டர் நீரில் சுமார் 50 கிராம் சிட்ரிக் அமிலத்தைக் கரைத்து ஒரு மணி நேரம் ஊறவைத்தால் படிவு கரைந்துவிடும். வினிகரும் பயன்படும், சற்று மெதுவாகச் செயல்படும். அமிலத்தோடு பிளீச்சைக் கலந்துவிடாதீர்கள், நச்சுத்தன்மை கொண்ட குளோரின் வாயு வெளியேறும். உதிரியாக ஒரு பம்பு வைத்திருந்தால் அதை மாட்டிவிட்டு அழுக்கானதை நிதானமாகக் கழுவலாம், அது திடீரென நின்றுபோகும் நாளிலும் கைகொடுக்கும்.

தானியங்கிக் கருவிகள் உண்மையிலேயே நேரத்தை மிச்சப்படுத்துமா?

மிச்சப்படுத்தும், ஆனால் அந்த நேரத்தில் ஒரு பகுதி கருவிகளைப் பராமரிப்பதற்குப் போய்விடும். நீர் நிரப்பிக்கு அடுத்தபடியாக டோசிங் பம்பு பயனுள்ளது. நாளுக்கு ஒருமுறை கையால் ஊற்றுவதைச் சிறு சிறு அளவுகளாக நாள் முழுவதும் பகிர்ந்து கொடுப்பதால் காரத்தன்மை ஆடாமல் நிற்கும். மூன்றாவதாக, தானாகவே சுருளும் வடிகட்டித் தாள் பையை மாற்றும் வேலையை நீக்கிவிடும். தானாகச் சோதிக்கும் கருவிகளைப் பற்றி எனக்குத் தயக்கம் உண்டு. அவற்றுக்கும் வேதிக்கரைசல் மாற்ற வேண்டும், கையால் சோதித்து அவ்வப்போது ஒப்பிட வேண்டும். தொட்டியைப் பார்க்கும் பழக்கத்தை அவை குறைத்துவிட்டால் மிச்சமான நிமிடங்கள் லாபமாகாது.

மறுபுறம், கருவிகளைக் குறைத்தும் நேரத்தைக் குறைக்கலாம். ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங் 1961-ஆம் ஆண்டில் விவரித்த இயற்கை முறையில், நுண்ணுயிர்கள் குடியேறிய உயிர்ப்பாறையும் கடல்நீரும் காற்றுக்குமிழ்களும் ஒளியுமே இருந்தன. மீன்களை மிகக் குறைவாக வைத்துக்கொள்ளும் மன உறுதி உள்ளவர்களுக்கு அந்த வழி இன்றும் திறந்தே இருக்கிறது.

சிறிய தொட்டிக்கு நேரம் குறையுமா?

ஒவ்வொரு வேலையும் குறையும், வேலைகளின் எண்ணிக்கை குறையாது. 60 லிட்டர் தொட்டியில் நீர் மாற்றம் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஆனால் ஒரு லிட்டர் ஆவியானாலே உப்புத்தன்மை ஏறும், சற்றே மிகுந்த உணவு நீரைக் கெடுக்கும். வாரம் ஒன்றரை மணி நேரம் போதும், ஒரு வாரம் தவறவிடும் சலுகை மட்டும் கிடையாது.

புதிய தொட்டிக்கு அதிக நேரம் ஆகுமா?

முதல் நான்கு முதல் ஆறு வாரங்கள், நைட்ரஜன் சுழற்சி (நச்சான அம்மோனியாவை பாக்டீரியாக்கள் நைட்ரேட்டாக மாற்றுவது) நிலைபெறும் வரை, ஏறக்குறைய ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. அதற்குப் பிந்தைய மாதங்களே உழைப்பைக் கேட்கும். முதலில் டயாட்டம்கள் என்னும் நுண்பாசிகளின் பழுப்புப் படலம், பிறகு பச்சை இழைப்பாசி என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். பாசியைக் கையால் பிடுங்குவதும், நத்தைகளைச் சேர்ப்பதும், பொறுத்திருப்பதும்தான் அப்போதைய பராமரிப்பு.

பழைய தொட்டியிலும் நேரம் மெல்லக் கூடும் என்பதைப் பலர் எதிர்பார்ப்பதில்லை. பவளங்கள் வளர வளர அவை இழுக்கும் கால்சியமும் காரத்தன்மையும் அதிகமாகின்றன. ஒன்றையொன்று தொட்டுக் கொட்டாமலிருக்கக் கிளைகளை வெட்டிவிடவும் வேண்டியிருக்கிறது.

வேலையை விரைவாக முடிக்க எதையாவது தவிர்க்கலாமா?

பாதுகாப்பைத் தவிர வேறு எதையும் தள்ளிப்போடலாம். சோவாந்திட் பவளங்களில், குறிப்பாகப் பாலிதோவா வகையில், பாலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சு இருக்கக்கூடும். அவற்றை வெட்டும்போதும் தேய்க்கும்போதும் கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். அவை ஒட்டிய பாறையைக் கொதிக்க வைத்தால் நீராவியோடு நஞ்சு பரவும், வீட்டிலுள்ள எல்லோரும் பாதிக்கப்படுவர். கையில் வெட்டுக்காயம் இருக்கும்போது வெறுங்கையை நீரில் விட்டால் மைக்கோபாக்டீரியம் மெரைனம் என்னும் கிருமி தோலில் ஆறாத கட்டிகளை உண்டாக்கலாம். நீருக்குள் கை வைக்கும் முன் ஹீட்டரையும் பம்புகளையும் அணையுங்கள். மின்கம்பிகள் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவு இறங்கி ஏறுமாறு இருந்தால் வழியும் நீர் பிளக்கைச் சேராது. கசிவு மின்தடுப்பானும் அவசியம்.

சில நாட்கள் வெளியே செல்ல வேண்டியிருந்தால்?

நீர் நிரப்பியும் டோசிங் பம்பும் ஒழுங்காக இயங்கினால் ஒரு வாரம் வரை கவலையின்றிப் போகலாம். நன்றாக உண்டு வளர்ந்த பெரும்பாலான மீன்கள் இரண்டு மூன்று நாட்கள் உணவின்றி இருக்கும். ஆந்தியாஸ் போன்ற, நாளில் பலமுறை உண்ணும் மீன்களுக்குத் தானியங்கி உணவூட்டி வேண்டும். பார்த்துக்கொள்ள வருபவருக்கு ஒவ்வொரு நாளின் உணவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கொடுங்கள். பழக்கமில்லாதவர்கள் அன்பினால் அதிகமாகவே இடுவார்கள். நன்னீர்க் கலனை எந்தக் கோடுவரை நிரப்ப வேண்டும், எந்த ஸ்விட்சைத் தொடக் கூடாது, எப்போது உங்களை அழைக்க வேண்டும் என்பவற்றை எழுதித் தொட்டியருகே ஒட்டிவிடுங்கள்.

புறப்படும் நாளில் நீர் மாற்றவோ பம்புகளைக் கழற்றவோ வேண்டாம். அந்த வேலைகளை மூன்று நாட்களுக்கு முன்பே முடித்துவிட்டால், சரியாகப் பொருத்தாத குழாயும் திரும்ப ஓடாத பம்பும் நீங்கள் வீட்டில் இருக்கும்போதே தெரிந்துவிடும்.